கைது வேறு, கைத் வேறு: சந்தேக நபரின் உரிமைகளை உருதுவில் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைது செய்யப்பட்டவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதைத் தமிழிலும் உருதுவிலும் ஒரே தாளில் எழுதித் தரும் வேலையில் சில ஆண்டுகளாகத் தில்லியில் ஈடுபட்டிருக்கிறேன். மயூர் விஹார், ஆர்.கே.புரம், ஜனக்புரி பக்கத்துத் தமிழர்களில் இந்த மொழிபெயர்ப்புக்குக் கைகொடுக்கவும், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் ஒருவருக்குத் துணையாக நின்று விளக்கவும் முன்வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தில்லி போலீஸ் இந்தியில்தானே எழுதுகிறது? உருது எதற்கு?

எழுத்து நாகரி, சொற்கள் பெரும்பாலும் உருது. கிழக்கிந்தியக் கம்பெனி 1837-இல் பாரசீகத்தை நீதிமன்ற மொழி என்ற இடத்திலிருந்து இறக்கிய பிறகு, பஞ்சாபின் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் உருது வந்து அமர்ந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் தில்லி பஞ்சாபோடு சேர்க்கப்பட்டதால் அந்த நடை இங்கும் வேரூன்றியது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து வந்து, தில்லி தனியாகப் பிரிந்த பின்னும் அது போகவில்லை. 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம், புகார் கொடுத்தவரே அகராதியைப் புரட்டிப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் முதல் தகவல் அறிக்கையில் இருக்கக் கூடாது என்று கண்டித்தது. அவ்வழக்கையொட்டி 383 உருது, பாரசீகச் சொற்களின் பட்டியல் ஒன்றும் உருவானது. 2023-இல் காவல் ஆணையர் அதே பட்டியலைச் சுட்டிக்காட்டி மீண்டும் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது என்பதிலிருந்தே பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று புரிந்துகொள்ளலாம். தவிர, தில்லியில் இந்தி ஆட்சிமொழி, உருதுவும் பஞ்சாபியும் இரண்டாம் ஆட்சிமொழிகள். ஆகவே உருதுவை மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்காக எழுதுவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

நம்முடைய நீதிமன்றச் சொற்களில் பாதி உருதுவிலிருந்து வந்தவை. அப்படியிருக்க, தமிழருக்கு இது எளிதாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை, அதுதான் பெரிய பள்ளம். வக்கீல், ஆஜர், ரத்து, ஷரத்து, பிராது என்று வரிசையாகக் கடன் வாங்கியிருக்கிறோம். ஆனால் வாங்கிய சொல் நம் வீட்டில் வளர்ந்து வேறு பொருளுக்குப் போய்விட்டது. புதிய சொல்லென்றால் நின்று கேட்போம். பழகிய ஒலி காதில் விழுந்தால் கேட்காமலேயே தலையாட்டிவிடுவோம்.

முதலில் ‘கைது’. அது ‘கைத்’ என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கைது என்றால் போலீஸ் பிடிப்பது. உருதுவில் கைத் என்றால் சிறைத் தண்டனை. போலீஸ் பிடிப்பதற்கு அங்கே ‘கிரஃப்தாரி’. தொடக்கக் காலத்தில் நானே இதில் வழுக்கியிருக்கிறேன். இந்தப் பிரிவில் ஏழு ஆண்டு வரை கைத் உண்டு என்று அதிகாரி பொதுவாகச் சொன்னதை, ‘கைத்’ என்றே ஒரு பெரியவரிடம் கடத்தினேன். தன் மகனை ஏழு ஆண்டுகளுக்குக் கைது செய்துவிட்டார்கள், இனி வழக்கே நடக்காது என்று அவர் எண்ணிக்கொண்டார். அவரைத் தெளிவிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அடுத்தது ‘ஜாமீன்’. உருதுவில் ‘ஜாமின்’ என்பவர் ஆள்: பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர். நாம் ஜாமீன் என்று சொல்லும் விடுதலைக்கு அங்கே ‘ஜமானத்’. தில்லிப் பேச்சில் பொறுப்பாளரை ‘ஜமானதி’ என்றும் சொல்வார்கள். ‘ஜமானதி லாவோ’ என்றால் பொறுப்பேற்க ஓர் ஆளை அழைத்து வாருங்கள் என்பது பொருள். அதை ‘ஜாமீன் கொண்டு வரச் சொல்கிறார்’ என்று மொழிபெயர்த்தால், கேட்பவர் பணத்தைத் திரட்ட ஓடுவார். பொறுப்பாளர் இல்லாமல் தானே எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம் ‘முச்சல்கா’. நிலக் குத்தகைக் காகிதங்களில் நம் தாத்தாக்கள் எழுதிய முச்சலிக்காவும் இதுவும் ஒரே வேர். இந்த ஒன்றில் மட்டும் பொருள் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

‘ராஜிநாமா’ என்ற சொல் தில்லி நீதிமன்றத்தில் காதில் விழுந்தால் யாரும் வேலையை விடவில்லை. இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள் என்று பொருள். ‘சாலான் பேஷ் ஹோ கயா’ என்றால் வங்கிச் சலானும் அல்ல, போக்குவரத்து அபராதமும் அல்ல. குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று பொருள். ‘ரிமாண்ட்’ உருதுச் சொல்லே அல்ல, ஆனாலும் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டில் ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்றால் ஆள் சிறைக்குப் போய்விட்டார் என்று புரிந்துகொள்கிறோம். தில்லியில் ‘தோ தின் கா ரிமாண்ட் மிலா’ என்றால் பெரும்பாலும் இரண்டு நாள் போலீஸ் காவல் கிடைத்தது, அதாவது ஆள் இன்னும் விசாரணை அதிகாரியின் கையில்தான் இருக்கிறார் என்று பொருள். குடும்பத்தாருக்கு இந்த வேறுபாட்டைவிட முக்கியமானது வேறில்லை. எனவே ‘போலீஸ் காவல்’, ‘நீதிமன்றக் காவல்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவது மரபு. அதைப் பார்த்துவிட்டு உருதுவில் ‘துஷ்மன்’ (பகைவன்) என்று எழுதிய வரைவு ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்.

‘சந்தேக நபர்’ என்பதற்கு உருதுவில் எந்தச் சொல்?

‘முஷ்தபா’ அல்லது ‘மஷ்கூக்’. குற்றம் சாட்டப்பட்டவர் ‘முல்ஜிம்’. குற்றவாளி என்று தீர்ப்பானவர் ‘முஜ்ரிம்’. பிந்திய இரண்டும் தமிழ் வாயில் நெருங்கி ஒலிப்பவை, அதிலும் தமிழ் எழுத்தில் இரண்டு வேறு மெய்களுக்கும் ஒரே ‘ஜ’தான் என்பதால், எழுதிவைத்துப் படிப்பவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே எழுத்துப் பிசகில் குற்றச்சாட்டு தீர்ப்பாகிவிடுகிறது. ‘இல்ஜாம்’ (குற்றச்சாட்டு) சுமத்தப்பட்டவர் முல்ஜிம், ‘ஜுர்ம்’ (குற்றம்) செய்தவர் முஜ்ரிம் என்று வேரோடு நினைவில் வைத்தால் தவறாது. நம் சட்டம் ‘சந்தேக நபர்’ என்று தனியாக ஒருவரை வரையறுப்பதில்லை; பல பிரிவுகளில் ‘ஒரு நபர்’ என்றே சொல்கிறது. தாளில் நான் பெரும்பாலும் ‘ஆப்’ (நீங்கள்) என்று முன்னிலையிலேயே எழுதுகிறேன். படிப்பவர் எந்தப் பெயருக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கைதுக்கான ‘காரணம்’ சொல்ல வேண்டும் என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? ‘வஜா’ போதுமா?

இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 22(1) உறுப்பும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 47-ஆம் பிரிவும், கைது செய்யப்பட்டவருக்குக் கைதுக்கான அடிப்படையைத் தெரிவிக்கச் சொல்கின்றன. 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டைப் பிரித்துக் காட்டியது. தப்பி ஓடாமலிருக்க, சாட்சியைக் கலைக்காமலிருக்க என்பவை யாரைக் கைது செய்தாலும் எழுதக்கூடிய பொதுக் காரணங்கள். இந்த ஆள் இன்ன நாளில் இன்னது செய்ததாக எங்களிடம் இன்ன தகவல் இருக்கிறது என்பது அவருக்கே உரிய அடிப்படை. தெரிவிக்க வேண்டியது இந்த இரண்டாவதை.

உருதுவில் ‘வஜா’ என்று எழுதினால் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். ‘சட்டம் ஒழுங்குக்காக’ என்ற ஒற்றை வரியே வஜா ஆகிவிடும். ‘புனியாத்’ (அடித்தளம்) என்பது நெருங்கி வருகிறது. தமிழிலும் ‘காரணம்’ தளர்வானது, ‘ஆதாரம்’ சான்று என்று குழப்பும், ‘அடிப்படை’யே பொருந்துகிறது. ஆனால் காவல் நிலையத்தில் நிற்கும் ஒருவருக்குப் புனியாதும் அடிப்படையும் வெற்றுச் சொற்கள். ஆகவே தாளில், ‘நீங்கள் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள், எப்போது, எங்கே என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்’ என்று வினைச்சொற்களால் எழுதி, அதையே உருதுவிலும் சொல்கிறேன்: ‘ஆப் பர் க்யா கர்னே கா இல்ஜாம் ஹை, கப், கஹான்.’

‘புரியும் மொழியில்’ என்பது நான் சேர்த்த இரக்கம் அல்ல. 1962-லேயே ஹரிகிஷன் வழக்கில், இந்தி மட்டும் தெரிந்த ஒருவருக்குத் தடுப்புக் காவலின் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்து, வாய்மொழியாக இந்தியில் விளக்கியது போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கிலும், அவ்வாண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கிலும் இது சாதாரணக் கைதுகளுக்கும் உறுதியாயிற்று: அடிப்படையை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தில்லியில் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில், உருது மட்டும் தெரிந்தவருக்கு உருதுவில்.

‘மௌனமாக இருக்கும் உரிமை’க்கு ‘ஹக்-ஏ-காமோஷி’ என்று எழுதலாமா?

எழுதலாம், அழகாகவும் இருக்கும்; ஆனால் நான் எழுதுவதில்லை. ‘காமோஷ்!’ என்பது காவல் நிலையத்தில் அதட்டல். வாயை மூடு என்று கேட்டுப் பழகியவருக்கு, வாயை மூடும் உரிமை என்றால் கேலியாகத்தான் இருக்கும். அதைவிட ஆழமான சிக்கல் பழமொழியில் இருக்கிறது. தமிழில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. உருதுவில் ‘காமோஷி நீம் ரஜா’, மௌனம் பாதிச் சம்மதம். பேசாமலிருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று இரு மொழிக்காரர்களும் பிறந்ததிலிருந்து நம்புகிறவர்கள். இவர்களிடம் ‘மௌனம் உன் உரிமை’ என்றால், ‘ஒப்புக்கொள்வது உன் உரிமை’ என்று ஏறக்குறைய சொல்லிவிட்டோம்.

சட்டமும் மௌனத்தைப் பற்றிப் பேசவில்லை, கட்டாயத்தைப் பற்றியே பேசுகிறது. அரசியலமைப்பின் 20(3) உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சம்ஹிதாவின் 180-ஆம் பிரிவின்படி, போலீஸ் கேட்பதற்கு உண்மையான பதில் சொல்லும் கடமை உண்டு. தன்னைக் குற்ற வழக்கில் மாட்டிவிடக்கூடிய கேள்விகள் மட்டும் அதற்கு விலக்கு. எனவே ‘எதற்கும் பதில் சொல்ல வேண்டாம்’ என்று எழுதினால் அது மிகை. நான் பயன்படுத்தும் உருது: ‘ஆப் கோ அப்னே கிலாஃப் கவாஹ் பன்னே பர் மஜ்பூர் நஹீன் கியா ஜா சக்தா.’ மஜ்பூர் (கட்டாயப்படுத்தப்பட்டவர்) என்ற சொல்லில்தான் உரிமையின் உயிர் இருக்கிறது. நீளம் கருதி அதை வெட்டாதீர்கள்.

திரைப்படங்களில் கேட்ட அமெரிக்க எச்சரிக்கை வாசகத்தைத் தேடுபவர்களும் உண்டு. அது 1966-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வந்தது. இங்கே கைது செய்யும் போலீஸ்காரர் ஒப்பிக்க வேண்டிய அத்தகைய வாசகத்தைச் சட்டம் தரவில்லை. அதற்கு மிக நெருங்கியது 183-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டியது: ஒப்புதல் அளிக்க நீர் கட்டுப்பட்டவர் அல்லர், அளித்தால் அது உமக்கு எதிராகப் பயன்படலாம். அளிக்க விருப்பமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், அதன் பேரில் அவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பலர் மொழிபெயர்க்க மறப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

வக்கீலைப் பற்றி எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். சம்ஹிதாவின் 38-ஆம் பிரிவு, விசாரணையின்போது தான் விரும்பும் வக்கீலைச் சந்திக்க உரிமை தருகிறது, விசாரணை முழுவதும் உடனிருக்க அல்ல. உருதுவில் ‘வக்கீல் கே சாத்’ என்றால் கூடவே உட்கார்ந்திருப்பார் என்று பொருளாகிவிடும். ‘வக்கீல் சே மில்னா’ என்பதே சரி. இலவச சட்ட உதவிக்கு ‘முஃப்த் கானூனி இம்தாத்’ என்கிறார்கள். இம்தாத் என்ற சொல்லில் தர்மம் வாங்குவது போன்ற வாடை இருப்பதால், ‘அரசு உங்களுக்கு ஒரு வக்கீலைத் தருவது உங்கள் ஹக் (உரிமை), செலவு உங்களுடையது அல்ல’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆனால் உருதுவில் ‘சர்க்காரி வக்கீல்’ என்று எழுதிவிடக் கூடாது. அது அரசுத் தரப்புக்கு வாதாடுபவரைக் குறிக்கும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இந்த உதவி உண்டு.

‘பயான்’, ‘இக்பால்’, ‘இன்கிஷாஃப்’ மூன்றும் வாக்குமூலம்தானா?

பயான் என்பது சொன்னது, எதுவாகவும் இருக்கலாம். இக்பால்-ஏ-ஜுர்ம் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. இன்கிஷாஃப் என்பது மறைந்திருந்ததை வெளிப்படுத்துவது. ‘கத்தியை இன்ன இடத்தில் புதைத்தேன்’ என்பது போல. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘வாக்குமூலம்’ என்றாலே ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டதால், பயானுக்கு ‘சொன்ன விவரம்’ என்று எழுதுவது பாதுகாப்பு. போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு; ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் இன்கிஷாஃப் தாளில் கையெழுத்து வாங்குவதில் அவ்வளவு கவனம் காட்டப்படுகிறது. போலீஸ் பதிவுசெய்யும் விசாரணை பயானில் சொன்னவர் கையெழுத்திடத் தேவையில்லை என்பது சம்ஹிதாவின் 181-ஆம் பிரிவு. ‘ஃபர்த்’ என்று தொடங்குபவை போலீஸ் எழுதும் குறிப்புகள்: ஃபர்த் கிரஃப்தாரி கைதுக் குறிப்பு, ஃபர்த் மக்பூஜ்கி பறிமுதல் குறிப்பு, நம் ஊர் மகஜரைப் போல. கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியின் கையெழுத்தும் கைதானவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதில் கையெழுத்திடுவது ஒப்புதல் ஆகாது என்று விளக்க மறவாதீர்கள்.

‘நாகாபில்-ஏ-ஜமானத்’ என்றால் ஜாமீனே கிடையாதா?

கிடைக்கலாம். ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்று நம் நாளிதழ்கள் எழுதுவதும் இதே தவறுதான். ஜாமீனுக்குரிய குற்றம் என்றால் அது உரிமையாகவே கிடைக்கும், அதைப் போலீஸே சொல்லிப் பொறுப்பாளரை ஏற்பாடு செய்யவும் விட வேண்டும். மற்றதில் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும், அது தரலாம், மறுக்கலாம். உருதுத் தாளில் அந்த நீண்ட சொற்றொடரை விட்டுவிட்டு ‘ஜமானத் அதாலத் சே மாங்க்னி ஹோகி’ (ஜாமீனை நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும்) என்று எழுதினால் யாரும் நம்பிக்கை இழக்க மாட்டார்கள். போலீஸின் புலன் விசாரணை 60 நாளில், கடுமையான குற்றங்களுக்கு 90 நாளில், முடியாவிட்டால் கிடைக்கும் ஜாமீனுக்கு உருதுவில் நிலைத்த சொல் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நாள் கணக்கை எழுதிவிடுகிறேன்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியில் மொழிச் சிக்கல் ஏதும் உண்டா?

சிறியதுதான். ‘சௌபீஸ் கண்டே கே அந்தர்’ (24 மணி நேரத்துக்குள்) என்பதில் ‘அந்தர்’ (உள்ளே) விடுபடக் கூடாது. ஒரு நாள் முழுக்க வைத்திருக்கலாம் என்றாகிவிடும். நீதிமன்றத்துக்குச் செல்லும் பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது.

பாகிஸ்தானின் உருதுச் சட்ட நூல்களிலிருந்து சொற்களை எடுக்கலாமா?

சொற்களைப் பார்க்கலாம், வாக்கியங்களை எடுக்கக் கூடாது. அங்கே ‘ஜாப்தா ஃபௌஜ்தாரி’ எனப்படும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1898-ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்களும் உரிமைகளின் எல்லையும் வேறு. தில்லித் தெருவில் புழங்காத அரபுத் தொடர்களும் அதில் நிறைய.

எனக்கு ஆம்பூர் உருது தெரியும். அது போதுமா?

பேசித் தொடங்கப் போதும், அதுவே பெரிய பலம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து தோல் வணிகத்துக்காக வந்தவர்கள் பழைய தில்லியில் பத்து நிமிடத்தில் உரையாடலுக்குள் நுழைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘நக்கோ’ (வேண்டாம்) சொல்லும் நம் தென்னாட்டு உருதுவான தக்கனி வேறு, ஃபர்த் எழுதும் காகித உருது வேறு. முல்ஜிமும் முஜ்ரிமும் வீட்டுப் பேச்சில் வருவதில்லை. எழுத்தைப் பொறுத்தவரை, உருது படிப்பவர்களுக்கு உருதுவின் வழக்கமான எழுத்து நடையான நஸ்தலீக்கில் அச்சிடுங்கள்; அதே உரையை நாகரியிலும் பின்பக்கத்தில் வையுங்கள், இளையவர்களில் பலர் அதைத்தான் படிக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் மொழிபெயர்க்கும்போது நான் எதுவரை போகலாம்?

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் உண்மையான மொழிபெயர்ப்பைத் தரக் கட்டுப்பட்டவர் என்பது சம்ஹிதாவின் 317-ஆம் பிரிவு. காவல் நிலையத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதை மட்டும் சொல்லுங்கள். அண்ணன், தம்பி என்ற பாசத்தில் ‘இப்படிச் சொல், விட்டுவிடுவார்கள்’ என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள், அதிகாரியின் குரலைப் பணிவாக்கவும் வேண்டாம். ஒரு சொல் புரியாவிட்டால் அதே சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று அதிகாரியிடமே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவருக்கே பல நேரம் தெரிந்திருக்காது. நீங்கள் படித்துக் காட்டாத தாளில், நீங்கள் படித்துக் காட்டியதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆலோசனை தேவையானால் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 அல்லது தில்லி ஆணையத்தின் 1516 என்ற எண்ணை அழைக்கச் சொல்லி, எண்ணை அவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள். அலைபேசியைப் பெரும்பாலும் அதற்குள் வாங்கி வைத்திருப்பார்கள்.